டெஸ்டினில் குடும்பத்தோடு மீன்பிடிப் படகு: 5 வயது மகனும் 68 வயது அப்பாவும் ஒரே படகில் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் ஒரு வாரம் அட்லாண்டாவிலிருந்து ஃபுளோரிடாவின் டெஸ்டின் கடற்கரைக்குப் போகிறீர்கள். நீங்கள், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் 68 வயது அப்பா, அம்மா என ஆறு பேர். மைத்துனரும் வந்து சேரலாம். ஒரு நாள் சார்ட்டர் படகு (கேப்டனோடு வாடகைக்கு எடுக்கும் படகு) எடுத்து மீன்பிடிக்கப் போகலாமா, 4 மணி நேரமா 8 மணி நேரமா, கொடுக்கிற பணத்துக்குத் தகுமா, பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டுவிட்டு, அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: வயதிலும் உடல்நிலையிலும் இவ்வளவு வேறுபட்ட ஆறு பேர் ஒரே படகில் ஏறி, எவரும் அவதிப்படாமல் திரும்ப முடியுமா? முடியும். அதற்கு, எந்த மீன் கிடைக்கும் என்று பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்காமல், ஆறு பேரில் யாரால் மிகக் குறைவாகத் தாங்க முடியுமோ அவரை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் தூத்துக்குடியில் மீன்வள அறிவியல் படித்தவன். மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில், படகுத்துறைகளில் நின்று, திரும்பி வரும் பயணிகள் பிடித்த மீன்களை அளந்து எடைபோட்டுப் பதிவுசெய்யும் வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மீனை அளக்கும்போதே அதைப் பிடித்த குடும்பத்தோடும் பேச வேண்டியிருக்கும் என்பதால், எப்படிப்பட்ட பயணம் எப்படிப்பட்ட முகங்களைத் திருப்பி அனுப்புகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் மருத்துவனும் இல்லை, படகோட்டியும் இல்லை. அப்பாவின் இதயம் பற்றி இங்கே எழுதுவதை அவருடைய மருத்துவரிடம் கேட்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். குடும்பப் பயணத்துக்கு டெஸ்டின் பொருத்தமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், அங்கே ஆழம் கரைக்கு அருகிலேயே வந்துவிடுவதுதான். ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் பல ஊர்களில் கடலடி மிக மெதுவாகத்தான் சரியும்; நல்ல மீன் இருக்கும் ஆழத்தை எட்டவே மணிக்கணக்கில் ஓட வேண்டும். டெஸ்டினில் துறைமுகத்தை விட்டு, சாக்டாஹாச்சி விரிகுடாவைக் கடலோடு இணைக்கும் கிழக்குக் கழிமுகத்தைத் தாண்டினால், கொஞ்ச நேரத்திலேயே தூண்டில் இறக்கத்தக்க ஆழம் வந்துவிடும். மணற்பரப்பான அந்தக் கடலடியில் இயற்கையான சுண்ணாம்புப் பாறைகளோடு, ஒகலூசா மாவட்டம் பல காலமாக மூழ்கடித்து வைத்திருக்கும் செயற்கைப் பார்களும், அதாவது மீன்கள் ஒதுங்கும் கடலடித் திட்டுகளும், இருக்கின்றன. எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற பழைய பெருங்கப்பலை அந்த மாவட்டம் 2024-இல் வாங்கியதும் இப்படி மூழ்கடிப்பதற்காகத்தான். வெற்று மணலில் ஒதுங்க இடமில்லாத மீன்கள் இந்தத் திட்டுகளைச் சுற்றிக் கூடுகின்றன. ஆகவே 4 மணி நேரப் பயணத்திலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் தூண்டில் தண்ணீரில் இருக்க வழியுண்டு. வேறு ஊர்களில் 4 மணி நேரப் பயணத்தை நான் இவ்வளவு தைரியமாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, படகு வகை. தனியாக உங்கள் குடும்பத்துக்கு மட்டும் எடுக்கும் சார்ட்டர், ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கி அறிமுகமில்லாத பலரோடு சேர்ந்து போகும் பார்ட்டி படகு, கடலுக்குப் போகாமல் விரிகுடாவுக்குள்ளேயே மீன்பிடிக்கும் சிறிய படகு என மூன்று வழிகள் உள்ளன. தனிச் சார்ட்டரில் பலரும் கவனிக்காமல் விடுவது ஆள் எண்ணிக்கை. பெரும்பாலான சிறிய சார்ட்டர் படகுகளின் கேப்டன்கள், கட்டணம் கொடுக்கும் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கடலோரக் காவல்படை உரிமத்தின் கீழ் இயங்குகிறார்கள். அந்த ஆறில் குழந்தையும் ஒன்றுதான். மடியில் உட்காருவான் என்று சொல்லி ஏற்ற முடியாது. நீங்கள் ஆறு பேர் சரியாக அடங்குவீர்கள். மைத்துனர் வந்தால் ஏழாகிவிடும். அப்போது, ஆறுக்கு மேல் ஏற்றுவதற்கெனக் காவல்படையின் ஆய்வுச் சான்றிதழ் பெற்ற பெரிய படகாகப் பார்க்க வேண்டும். இதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் படகுத்துறையில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போக நேர்ந்த குடும்பங்கள் உண்டு.

கட்டணம் படகுக்குப் படகு மாறும். தனிச் சார்ட்டர் 4 மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பார்ட்டி படகில் ஆளுக்கு நூறு டாலரை ஒட்டியோ அதற்குள்ளோ முடியும். ஆறு பேர் என்று கணக்கிட்டால் பார்ட்டி படகு மலிவுதான். ஆனால் அதில் ஒருவருக்கு முடியவில்லை என்பதற்காகப் படகைத் திருப்ப மாட்டார்கள். தனிச் சார்ட்டரில் மகனுக்கு வாந்தி வந்தாலோ அப்பாவுக்குக் களைப்பாக இருந்தாலோ, ஒரு வார்த்தை சொன்னால் கேப்டன் கரைக்குத் திருப்பிவிடுவார். பணம் திரும்ப வராது. ஆனால் திரும்ப முடியும் என்ற உரிமைக்குத்தான் அந்த அதிகப் பணத்தைக் கொடுக்கிறீர்கள். 5 வயதுக் குழந்தையும் இதய நோயாளியும் இருக்கும் குடும்பத்துக்கு அது தகும் என்பது என் உறுதியான கருத்து.

8 மணி நேரப் பயணத்தை விட்டுவிடுங்கள். அது மீன்பிடிப்பதையே விடுமுறையாக எண்ணி வருகிற பெரியவர்களுக்கானது. உங்களுக்கு இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஆறு பேரும் சேர்ந்தே போக வேண்டும் என்றால், விரிகுடாவுக்குள் 4 மணி நேரம். ஸ்பெக்கில்டு டிரவுட், ரெட்ஃபிஷ், ஃப்ளவுண்டர் போன்றவை கிடைக்கும். கரை எப்போதும் கண்ணில் தெரியும். அலை ஆட்டம் மிகக் குறைவு. விரிகுடாப் படகுகள் சிறியவை என்பதால் பலவற்றில் நான்கு பேருக்குத்தான் இடம். ஆறு பேர் ஏறக்கூடியதைத் தேடிப்பிடிக்க வேண்டும். கடலுக்குப் போயே தீர வேண்டும், ரெட் ஸ்னாப்பர் பிடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், நீங்களும் மகளும் மைத்துனரும் மட்டும் ஒரு காலை கடலுக்குப் போய்வாருங்கள். மற்றவர்கள் அன்று கரையில் இருக்கட்டும், இன்னொரு நாள் எல்லோருமாக விரிகுடாவில் போகலாம். எல்லோரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்ற பிடிவாதம் பல பயணங்களைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மா இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே, அவர்களை விட்டுவிட்டுப் போவதா என்று தயங்குவீர்கள் என்பது தெரியும். அவர்களிடமே நேரடியாகக் கேளுங்கள். பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்பதற்காக மட்டும் படகில் ஏறும் பெரியவர்கள் நிறையப் பேர்.

எதை எடுத்தாலும் காலையில் எடுங்கள். கோடையில் அந்தக் கரையில் நிலம் சூடேற ஏற, கடலிலிருந்து காற்று எழுந்து, பிற்பகலில் அலை கூடும். இடிமழை வருவதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். திறந்த கடலில் மின்னலுக்கு உங்கள் படகுதான் உயரமான பொருள். இன்னொன்று: டெஸ்டின் மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது, அட்லாண்டாவை விட ஒரு மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை 6 மணிக்குப் புறப்பாடு என்றால் குழந்தைகளின் உடலுக்கு அது 7 மணி. ஆகவே வந்திறங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் படகுப் பயணத்தை வைத்தால் அவர்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். வாரத் தொடக்கத்தில் வைத்தால், வானிலை கெட்டாலும் வேறொரு நாளுக்கு மாற்ற இடமிருக்கும்.

வானிலையைப் பொறுத்தவரை, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா (NOAA) வெளியிடும் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். ஊர் வெயில் மழையைச் சொல்லும் செயலி போதாது. அதில் அலை உயரம் 2 அடி என்று போட்டிருந்தால், எல்லா அலையும் 2 அடி என்று பொருளில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியே அந்த எண். நடுவே அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயர அலை ஒன்றும் வரலாம். 2 அடி வரை குடும்பத்தோடு கடலுக்குப் போகலாம். 3 அடி என்றால் குழந்தைகளோடு போவதைத் தவிர்ப்பேன். இது என் அனுபவத்தில் வந்த எல்லை, விதி அல்ல. படகின் அளவும் அலைகளுக்கு இடையிலான இடைவெளியும் இதை மாற்றும். விரிகுடாவிலிருந்து நீர் வெளியே வடியும் நேரத்தில் கடல் காற்று எதிரே வீசினால், கழிமுகத்தில் மட்டும் அலைகள் நெருங்கி நிமிர்ந்து எழும். அங்கே படகு தூக்கிப் போடுவதைப் பார்த்துக் குழந்தைகள் பயந்துவிட வேண்டாம். தாண்டியபின் பெரும்பாலும் தணிந்துவிடும். முன்பதிவின்போது, வானிலையால் கேப்டன் ரத்துசெய்தால் முன்பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேப்டன் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

கடல் குமட்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயணம் கெடுவதற்கு மீன் கிடைக்காததைவிட இதுவே அடிக்கடி காரணமாகிறது. உள்காது உணரும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. ஆகவே கேபினுக்குள் போய்ப் படுப்பதும், குனிந்து ஃபோன் பார்ப்பதும், குனிந்தபடியே தூண்டிலில் இரை கோப்பதும் அதைக் கூட்டும்; நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது குறைக்கும். ஓடும் படகைவிட, நங்கூரமிட்டோ மிதந்தோ நிற்கும் படகில்தான் ஆட்டம் அதிகம் தெரியும். போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்த குழந்தை, இயந்திரம் நின்ற பத்தாம் நிமிடத்தில் வெளிறிப்போவது இதனால்தான். மாத்திரைகள் குமட்டல் தொடங்குவதற்கு முன் எடுத்தால்தான் பயன்படும்; தொடங்கியபின் விழுங்கினால் வயிற்றில் தங்காது. டைமென்ஹைட்ரினேட் 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான அளவோடு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மெக்லிசைன் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கூடாது. இரண்டும் தூக்கம் வரவழைக்கும். ஆகவே பயணத்துக்கு முன்பே ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இதுவரை சொன்னது உறுதி. இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கேட்கிறது, சான்றுகள் கலவையாகவே உள்ளன. மணிக்கட்டுப் பட்டைகளை நம்பி நான் யாரையும் அனுப்ப மாட்டேன். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். இட்லியோ பிரெட்டோ கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். பயண உணவாக நம்மவர்கள் வாழைப்பழம் எடுத்துப் போவது வழக்கம். வாழைப்பழம் படகில் இருந்தால் மீன் படாது என்ற நம்பிக்கை அங்கே பல படகோட்டிகளிடம் உறுதியாக இருக்கிறது. அவர்கள் மனம் சங்கடப்படாமலிருக்க அதைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

அப்பா விஷயத்தில் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெயிலிலும் ஆட்டத்திலும் 4 மணி நேரம் உட்காரலாமா என்பது முதலாவது. குமட்டல் மாத்திரை எடுக்கலாமா என்பது இரண்டாவது. புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருக்கும் முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூன்றாவது, இரத்தம் உறையாமலிருக்க அவர் எடுக்கும் மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட மருந்தில் இருப்பார்கள். மீன் முள்ளோ தூண்டில் முனையோ கீறினால் இரத்தம் நிற்க நேரமாகும். கோடையில் சூடேறும் வளைகுடா நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா பெருகும். திறந்த காயத்தின் வழி அது புகுந்தால், அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கு ஆபத்தான தொற்றாகலாம். கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு ஆபத்து மேலும் அதிகம். ஆகவே அப்பா தூண்டிலைப் பிடிக்கலாம், ரீலைச் சுற்றலாம், மீனைக் கையால் தொட வேண்டாம். படகில் கழிப்பறை இருக்கிறதா, நிழலான இருக்கை உண்டா, துறையிலிருந்து படகுக்கு எத்தனை உயரம் இறங்க வேண்டும் என்பதையும் முன்பே கேளுங்கள். விரிகுடாவின் சிறிய படகுகள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. அம்மா அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வருவார், அதுவே அவரைச் சோர்வடையச் செய்துவிடும்.

மகனுக்கு லைஃப் ஜாக்கெட் பற்றி: 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். பெரிய படகிலும் அவனுக்கு அதைக் கழற்ற வேண்டாம். படகில் இருப்பது பெரும்பாலும் பொது அளவு. அவன் எடைக்கு ஏற்றதை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். சன்ஸ்கிரீனும் பூசும் வகையாக இருக்கட்டும். தெளிக்கும் வகை தளத்தில் படிந்து வழுக்கும் என்பதால் பல கேப்டன்கள் அனுமதிப்பதில்லை.

கடலுக்குப் போனால் குழந்தைகளுக்கு ஏற்றது அடித்தூண்டில் முறைதான். ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் போகும் முறையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அடித்தூண்டிலில் ஈயக் குண்டு தரையைத் தொட்டவுடன் கோல்நுனி டக் டக் என்று துடிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கோலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று மகளுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். ஸ்னாப்பர் போன்று கடலடித் திட்டுகளை ஒட்டி வாழும் பாறை மீன்களுக்கு இயற்கை இரை கோத்துப் பிடிக்கும்போது வட்டத் தூண்டில் முள்தான் போட வேண்டும் என்பது அங்கே விதி. அதன் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், மெதுவாக ரீலைச் சுற்றினால் தானாக நகர்ந்து மீனின் வாய் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், வெடுக்கென்று இழுத்தால் இரையோடு வெளியே வந்துவிடும். ஆழத்திலிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பை அழுத்தம் குறைவதால் உப்பி, வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளியிருக்கும், கண்களும் பிதுங்கியிருக்கும். முதல்முறை பார்க்கும் குழந்தை அழுதுவிடும், ஆகவே இதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படிப்பட்ட மீனைச் சும்மா தண்ணீரில் விட்டால் மிதந்துகொண்டே இறந்துபோகும். எடை கட்டி அதை மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி ஒன்று உண்டு. அதுவோ, காற்றை வெளியேற்றும் ஊசியோ, பாறை மீன் பிடிக்கும் படகில் தயாராக இருக்க வேண்டும் என்று 2022-இல் கூட்டரசு விதி வந்தது. அதைப் பயன்படுத்துவதை மகளுக்குக் காட்டும்படி படகின் உதவியாளரிடம் கேளுங்கள். நல்ல உதவியாளர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

பயணிகளை ஏற்றுவதற்கான உரிமம் பெற்ற படகில் போகும்போது உங்களுக்குத் தனி மீன்பிடி உரிமம் தேவையில்லை. படகின் உரிமமே போதும். ரெட் ஸ்னாப்பர் ஆளுக்கு 2, குறைந்தது 16 அங்குலம். கூட்டரசு அனுமதியுள்ள சார்ட்டர் படகுகளுக்கு அதன் பருவம் ஜூன் 1-இல் தொடங்கும். முடியும் தேதி ஆண்டுதோறும் மாறும் என்றாலும், அண்மை ஆண்டுகளில் ஜூலை முழுவதும் திறந்தே இருந்தது. முன்பதிவுக்கு முன் நோவாவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள், கேப்டனிடம் அந்த அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாதவர் கரையிலிருந்து 9 கடல் மைலுக்குள்தான் பாறை மீன் பிடிக்க முடியும். கிரே டிரிகர்ஃபிஷ் முட்டையிடும் காலம் என்பதால் ஜூன், ஜூலை இரண்டு மாதங்களும் அதற்குத் தடை. மகள் பிடிக்கும் முதல் மீனே அதுவாக இருக்கலாம், திருப்பி விடத்தான் வேண்டும்.

உதவியாளரின் வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ்தான். கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு கொடுப்பது அங்கே வழக்கம்; அதையும் சேர்த்தே உங்கள் செலவைக் கணக்கிடுங்கள். மீனைச் சுத்தம் செய்து துண்டு போட்டுக் கொடுப்பது கட்டணத்தில் அடக்கமா, தனியா என்பது படகுக்குப் படகு வேறு. அவர்கள் வழக்கமாகத் தோலை உரித்து, முள்ளில்லாத சதையை மட்டும் தந்துவிட்டுத் தலையையும் நடுமுள்ளையும் எறிந்துவிடுவார்கள். குழம்புக்குத் தலை வேண்டும் என்றால் கத்தி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ரெட் ஸ்னாப்பர் தலைக் குழம்பு, ஊரில் சங்கரா மீன் குழம்புக்குச் சற்றும் குறையாது. துறைமுகத்தை ஒட்டிய உணவகங்கள் பலவும் நீங்கள் பிடித்த மீனை வாங்கிச் சமைத்துத் தருகின்றன. முதல் நாள் கொஞ்சத்தை அப்படிச் சாப்பிட்டுவிடலாம்.

கிங் மேக்கரல் கிடைத்தால் மட்டும் கவனம் தேவை. அது நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. பார்த்தவுடன் அம்மாவுக்கு வறுக்கத் தோன்றும். ஆனால் அதில் பாதரசம் அதிகம் சேர்ந்திருப்பதால், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு ஸ்னாப்பரைக் கொடுங்கள், கிங் மேக்கரலைக் கொடுக்காதீர்கள்.

அட்லாண்டாவுக்குக் காரில் ஐந்தாறு மணி நேரம். கொண்டுவரலாம், ஐஸை மட்டும் குறைக்காதீர்கள். துண்டுகளைக் காற்றுப் புகாத பையில் இட்டு, ஐஸ் பெட்டியில் அடியிலும் மேலும் ஐஸ் நிரப்பி, உருகும் நீர் பைகளுக்குள் போகாமல் வடித்துவிடுங்கள்; நடுவில் எங்காவது நின்று சாப்பிட்டால் பெட்டியைத் திறந்து ஐஸ் போதுமா என்று ஒருமுறை பாருங்கள். வாரத் தொடக்கத்தில் பிடித்ததென்றால், தங்கும் வீட்டின் உறைபெட்டியில் கல்லாக உறையவைத்துக் கிளம்பும் காலையில் எடுத்து வையுங்கள். மேக்கரல் வகை மீன் சில மணி நேரம் சூட்டில் இருந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் சேரும்; முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வரவழைக்கும் அந்தப் பொருள் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. வழியில் ஐஸ் முழுவதும் உருகி மீன் வெதுவெதுப்பாகிவிட்டால், மணம் நன்றாக இருந்தாலும் அதைச் சமைக்க வேண்டாம்.